முத்தாரம்மாளுக்கு விட்ட இடம்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் டெரிக் சாயிப்பு நீர்வண்ணத்தில் மலையும் கடலும் வரைகிறவர். இங்கிலாந்தில் ஓயாமல் மழை பெய்யும் ஏதோ ஊர்க்காரர். இரண்டு வாரத்துக்கென்று திருவனந்தபுரம் வந்தவர், விசாவுக்காக ஊருக்குப் போய்வருவதோடு சரி, எங்கள் கிழக்கேகோட்டைப் பகுதியை விடவில்லை. ஆட்களை மட்டும் வரையமாட்டார். "மலை அசையாது, கோலப்பன்" என்பார்.

போன ஜூனில் போனக்காடு மலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். பேச்சுத்துணைக்கு நான். தேயிலைச் சரிவையும் தொழிலாளர் குடியிருக்கும் வரிசைவீட்டு லயத்தையும் அவர் வரைந்துகொண்டிருக்கையில், கொழுந்து பறிக்கும் முத்தாரம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீடு இருக்கு. நான் எங்க, அண்ணாச்சி?"

நான் இங்கிலீஷில் சொன்னதும் சாயிப்பு வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் போய் நிற்கச் சொன்னார். அவளோ, சிவப்புச் சேலை உடுத்துதான் நிற்பேன் என்று வீட்டுக்கு ஓடினாள். நீர்வண்ணத்தில் பச்சையின்மேல் சிவப்பு எடுபடாது. அதனால் வாசலில் ஓர் ஆளுக்கு வெள்ளைத் தாளை விட்டுவிட்டு, சுற்றிலும் வரைந்தார். அவள் வெளியே வருவதற்குள் மஞ்சு இறங்கி லயத்தையே மூடிவிட்டது. கடைசி பஸ் ஹார்ன் அடித்தது.

"என்னெ வரஞ்சிருவாருல்லா?" குரல் மட்டும் வந்தது.

"வரைவாரு. கோட்டைக்கு வந்தா வீட்டுக்கு வா!" என்று கத்தினேன்.

அப்புறம் மழையில் மலை ரோடு இடிந்து, போனக்காட்டு பஸ்ஸே நின்றுபோனது. சாயிப்பு ஊருக்குப் போனார், வந்தார். படம் அந்த வெள்ளை ஓட்டையோடு என் முன்னறையில் தொங்கியது. எனக்கு எரிச்சலான எரிச்சல். ஒரு சொட்டுச் சிவப்பு வைத்தால் தீர்ந்தது. பார்க்காத சிவப்பை எப்படி வைப்பது என்பது அவர் கட்சி. பிடிவாதத்தில் நாஞ்சில்நாட்டுக்காரனான என்னையே தோற்கடித்துவிட்டார்.

ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தெருவில் பொங்கலிடும் திருநாளன்று ஊரெல்லாம் அடுப்பும் புகையும். பொங்கலிட்டு முடித்த கையோடு ஒருத்தி வீடு விசாரித்து வந்தாள். கரியும் வேர்வையுமாக, சிவப்புச் சேலை.

"அன்னைக்கு உடுத்ததாக்கும். படத்துல வந்தாச்சா, அண்ணாச்சி?"

நான் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டேன். சாயிப்பு செருப்பில்லாமல் ஓடிவந்தார். அவளை வாசல்படியில் நிறுத்தி, முற்றத்துக் கோடிவரை போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு படத்தைக் கழற்றி மடியில் வைத்து, தூரிகையில் சிவப்பைத் தொட்டு ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

முத்தாரம்மாள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மூஞ்சி இல்லியே."

"அவ்வளவு தூரத்துக்கு மூஞ்சி தெரியாதும்மா" என்றேன், பயந்துகொண்டே.

"தெரியாட்டி என்ன?" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வீட்டு வாசல்ல வேற யாரு நிப்பா? நானாக்கும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டேன்.