மூன்று மணிக்குள் நிறுத்த வேண்டும்

இன்னும் ஒன்பது நிமிடம்.

தன் வயலின் மோட்டார் கொட்டகையில், ஜன்னலோரம், கேமராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தபடி தமிழ்ச்செல்வி அசையாமல் குந்தியிருந்தாள். மூன்று மணிக்கு மோட்டார் ஓட்ட த்ரீ ஃபேஸ் மின்சாரம் விடுவார்கள். மாற்றும்போது ஒரு நொடி கரண்ட் போகும். அந்த நொடி போதும், எடுத்ததெல்லாம் அழிந்துவிடும்.

கிள்ளைக்கு மேற்கே அவளுடைய ஒன்றரை ஏக்கர் நெல் கருகிக்கொண்டிருந்தது. இறால் பண்ணைக்காரர்கள் உப்புத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள் என்று போட்டோவோடு மனுக் கொடுத்தாள். மதகு திறந்திருப்பது தெரிகிறது, திறந்தது யார் என்று தெரியவில்லையே என்று திருப்பி அனுப்பினார் சிதம்பரத்து அதிகாரி. கொட்டகையிலிருந்து செல்போனில் வீடியோ எடுத்தால், மதகருகே நிற்கும் ஆள் அந்தத் தூரத்துக்கு எறும்பாகத் தெரிந்தான்.

கடலூரில் பழைய கேமரா விற்கும் ஜமாலுதீன்தான் வழி சொன்னார். நீள லென்ஸோடு ஒன்று கிடந்தது. போட்டோ மட்டுமே எடுக்கும் ரகம். மெமரி கார்டில் ஏதோ மென்பொருளை ஏற்றி அதை வீடியோ எடுக்க வைத்தார். பேட்டரி செத்திருந்தது, அதன் கூட்டுக்குள் ஒயரைக் கொடுத்து, பிளக்கில் செருகும்படி செய்தார். இரண்டு விஷயத்தை மறக்காதம்மா என்றார். பட்டனை அமுக்கி நிறுத்தினால்தான் படம் பதியும். நிறுத்தும்போது உள்ளேயிருக்கும் கண்ணாடி விழுந்து பலமாகச் சத்தம் வரும்.

சிதம்பரம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, மதியமே வந்து பதுங்கிவிட்டாள். இரண்டரைக்குப் பண்ணை மேனேஜர் கலைமணி வந்தான். கூட வந்தவன் குனிந்து மதகுப் பலகையைத் தூக்கினான். நிமிர்ந்தான். லென்ஸ் நிறைய அவன் முகம்.

அருள்முருகன். அவள் கூடப்பிறந்த தம்பி. வெள்ளிக்கிழமை அவள் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். விரல் எழவில்லை. அவள் திகைத்திருந்த நேரத்தில் இருவரும் வெயிலுக்கு ஒதுங்கி, கொட்டகைச் சுவரிலேயே வந்து சாய்ந்தார்கள். இருக்கும் ஒரே கதவும் அவர்கள் பக்கம். பீடிப் புகை உள்ளே வந்தது.

நிறுத்தினால் மாட்டுவாள். நிறுத்தாவிட்டால் கரண்டே அழித்துவிடும், தம்பி தப்பிப்பான். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

இரண்டு நிமிடம். வாய்க்கால் தண்ணீர் வரப்பைத் தாண்டி நெல்லுக்குள் இறங்கியது.

அமுக்கினாள்.

சடக்.

வெளியே பேச்சு நின்றது. என்னடா சத்தம் என்று கேட்டான் கலைமணி. ஜன்னலில் அருள்முருகன் முகம் தோன்றியது. அவளைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான்.

"ஸ்டார்ட்டர் ரிலே சார். த்ரீ ஃபேஸ் வர்ற நேரம்ல, அப்பிடித்தான் அடிக்கும்" என்றான், கண்ணை எடுக்காமலே.

அவன் நகர்ந்தான். கதவுக்கு வெளியே கொண்டி விழுந்தது. சற்று நேரத்தில் கலைமணியின் பைக் கிளம்பிப் போயிற்று. ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நீண்டது.

"கார்டக் குடுத்துரு அக்கா. வெள்ளிக்கெழம சீரு கொண்டாரணும் நானு."

"வாடா. நெல்லு மிஞ்சுனா ஆக்கிப் போடுறேன்."

கார்டை உருவி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். ஸ்டார்ட்டர் பெட்டியின் சின்ன பல்பு ஒருமுறை அணைந்து எரிந்தது. மணி மூன்று.

"மொகம் தெரியுதாக்கா அதுல?"

"நல்லாவே தெரியுது."

கை மெல்லப் பின்வாங்கியது. அவன் போகவும் இல்லை, கொண்டியை எடுக்கவும் இல்லை. கதவில் முதுகைச் சாய்த்து அவன் உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது.