ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி

எங்கள் வீட்டு வளைவுக்கு வந்தால் மட்டும் அம்பிட்டிய ஊருக்குப் போகும் பஸ்காரனுக்கு என்ன பேய் பிடிக்குமோ தெரியாது. ஹோர்னில் கையை வைத்தானென்றால் எடுக்கவே மாட்டான். அவனுக்குப் பின்னால் ஆட்டோ, ஆட்டோவுக்குப் பின்னால் ஸ்கூல் வேன். எல்லாருக்கும் அப்படி என்ன தலை போகிற அவசரம்? ஒருநாள் பொறுக்க முடியாமல் ரோட்டில் இறங்கி ஒரு பஸ்காரனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். அவனும் நம்ம தமிழ் ஆள்தான்.

"ஐயா, வளைவுல ஹோர்ன் அடிக்காம, ஆளயா அடிக்கச் சொல்றீங்க?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

இத்தனை வருஷம் இந்தச் சத்தத்தோடு இருந்தவனுக்கு இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. மெல்பேர்னில் இருக்கும் என் மகன் மோகனராஜ் வாரத்தில் அன்றைக்குத்தான், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, போனில் கோல் எடுப்பான். என் மனைவி சுகிர்தா உயிரோடு இருந்தவரை அவள்தான் பேசுவாள். தாயும் மகனும் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் பேப்பர் வாசித்துக்கொண்டு, "நானும் கேட்டேன்னு சொல்லு" என்பதோடு சரி. அப்போதும் இதே பஸ்தான் போனது. ஆனால் அவள் குரல் அப்படி, பஸ்ஸே வழிவிடும்.

அவள் போன பிறகு போன் என் கைக்கு வந்தது. சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்பான். நான் பதில் சொல்லி முடித்து, ஏதாவது பேச்சைத் தொடங்கினால், "அப்பா, ஒரே இரைச்சலா இருக்கு, ஒன்னும் வெளங்கல, பெறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிடுவான். பெறகு என்றால் அடுத்த ஞாயிறு.

எனக்கு அவனிடம் ஒன்று கேட்க இருந்தது. அம்மாவின் வருஷத் திவசத்துக்கு வந்துவிட்டுப் போ என்று கேட்க வேண்டும். என்னால் தனியாக இருக்க முடியவில்லை என்றும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் பஸ்ஸுக்கு மேலே கத்திக் கேட்க முடியுமா? கத்தினால் அதட்டுகிற மாதிரி இருக்கும். ஏற்கெனவே என்னைச் சிடுமூஞ்சி என்றுதான் அவன் நினைக்கிறான். மெதுவாகக் கேட்க வேண்டிய விஷயம் இது.

அதனால்தான் டவுனிலிருந்து அலுமினிய வேலை மேஸ்திரி கணேஸ் பாஸைக் கூப்பிட்டேன். இருந்த கண்ணாடிக்கு உள்பக்கம், கொஞ்சம் இடைவெளி விட்டு, தடிப்பான இரண்டாவது கண்ணாடியைப் பொருத்தினான். விளிம்பெல்லாம் ரப்பர் பட்டி. ஜன்னலுக்கு மேலே காற்றுக்கு விட்டிருந்த ஓட்டைகளையும் அடைக்கச் சொன்னேன்.

"இதுக்கு மேல அடைச்சா, நீங்க உள்ள இருந்து கூப்பிட்டாலும் யாருக்கும் கேக்காதுங்க ஐயா" என்றான்.

"கூப்பிட்டா ஓடி வர இங்க யாரு இருக்கா? நீ வேலையப் பாரு" என்றேன். கொஞ்சம் அதிகமாகத்தான் எரிந்து விழுந்துவிட்டேன். அவன் ஓட்டைகளை அடைத்தான்.

அவன் போனதும் கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பஸ் வளைவில் திரும்புவது கண்ணாடியில் தெரிந்தது, சத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. சிறிது நேரத்தில் வீடு இவ்வளவு பெரிதா என்றும் இருந்தது. பரவாயில்லை, ஞாயிறு வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிறு வந்தது. ஃபேனையும் நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க ஜன்னல் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. சாப்பாடு முடிந்தது, மருந்து முடிந்தது.

"தம்பி, அடுத்த மாசம் அம்மாவோட வருஷத் திவசம் வருது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, அவ்வளவு மெதுவாகப் பேசினேன். "நீ ஒருக்கா வந்துட்டுப் போப்பா. நாலு நாள் போதும். எனக்குத் தனியா முடியல."

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. "தாத்தா என்ன சொல்றாரு?" என்று பேத்தி கேட்டதும், அவன் "உஷ்" என்றதும்கூடத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, அந்த பஸ் சத்தத்துல நீங்க சொன்னது ஒன்னுமே கேக்கல" என்றான். "பெறகு எடுக்கிறேன், சரியா?"

ரோட்டில் அப்போது ஒரு சைக்கிள்கூட இல்லை. பொய் சொல்லாதேடா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு எடுக்காமலே விட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது.

"ஆமா தம்பி, நாசமாப் போன பஸ்காரனுங்க" என்றேன். "காது கிழியுது. நீ வையி."