கரடி தூங்கும் இடம் வரைபடத்தில் இல்லை

1
இந்தக் கதை என்னுடையதல்ல. சாப்பாட்டு மேசையில் அண்ணி பாதியில் நிறுத்தியதை நான் சுட்டு எழுதுகிறேன். கழுத்துப்பட்டி மாட்டிய ஒரு பெண் கரடியைச் செயற்கைக்கோள் வழியே பின்தொடர்வது அண்ணியின் வேலை.

முதல் வரி: 'இருட்டில் இரண்டு கண்கள் மின்ன...'

வேண்டாம். கரடி மாட்டிக்கொண்டது பட்டப்பகலில். அதுவும் கணினித் திரையில்.

2
கரடி இருந்த இடங்களைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் வரைபடத்தில் வீடுகளை ஒட்டிய தோட்டங்களில். வன அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இங்கயே குடித்தனம் நடத்துது? கூண்டு வெச்சிரலாம்."

அண்ணி தலையாட்டினார். (இந்த இடத்தில் அவரை வில்லியாக்க நினைத்தேன். வீட்டில் சோறு கிடைக்காது என்பதால் விட்டுவிட்டேன்.)

3
கூண்டோடு ஜீப் மலையேறிய பிறகுதான் அண்ணிக்குப் பொறி தட்டியது.

அடர்ந்த மரங்களுக்கடியில் கழுத்துப்பட்டிக்கு வானம் தெரியாது, செயற்கைக்கோளும் சரியாக எட்டாது. இடத்தைத் தப்பும் தவறுமாகச் சொல்லும். கரடி பட்டியின் மேலேயே படுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்படி வரும் சந்தேகப் புள்ளிகளை நீக்கிவிட்டுச் சுத்தமான வரைபடம் கொடுப்பது அண்ணியின் வழக்கம்.

நீக்கியதெல்லாம் காடு. மிஞ்சியது தோட்டம்.

4
அண்ணி ஜீப்பை விரட்டிக்கொண்டு பறந்து... (என் பழக்கதோஷம். அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. போன்தான் செய்தார்.)

"சார், கரடி காட்டுலதான் இருக்கு. நான்தான் அழிச்சிட்டேன்."

"எதை, காட்டையா?"

"புள்ளிய சார். கரடி எப்பவாவதுதான் தோட்டத்துக்கு வருது. அங்க வானம் தெரியறதால அது மட்டும் சரியா பதிவாகுது."

"சந்தேகப் புள்ளிய நம்பிக் கூண்ட எடுக்கச் சொல்றீங்க?"

"அதை நம்பாததாலதான சார் கூண்டே போயிருக்கு!"

அதிகாரி பெருமூச்சு விட்டார். நல்ல மனுஷன். "திரும்பி வரச் சொல்றேன். ஆனா மலைமேல டிரைவருக்கு டவர் கிடைக்கணுமே."

5
முடிவு ஒன்று: டிரைவர் போனை எடுத்தார்.

முடிவு இரண்டு: அதற்குள் கூண்டுக் கதவு...

எதையாவது எழுதி முடித்துவிட ஆசைதான். ஆனால் சற்றுமுன் அண்ணியின் அறையை எட்டிப் பார்த்தேன். டிரைவரிடமிருந்து பதில் இல்லை. கரடியிடமிருந்து ஒரு புள்ளியும் இல்லை.

"காட்டுல தூங்குதா அண்ணி?"

"தூங்கினாலும் இப்படித்தான் இருக்கும்."

"இல்லன்னா?"

"கூண்டுக்கு மேலயும் இரும்புக் கூரைதானேப்பா."

காலித் திரையைவிட்டு அண்ணி கண்ணெடுக்கவில்லை. காடா, கூண்டா? நீங்களே புள்ளி வையுங்கள். சந்தேகமாக இருந்தாலும் பரவாயில்லை, அழித்துவிடாதீர்கள்.