சுவருக்கு இந்தப் பக்கம்

"உள்ள எறும்பு கிறும்பு பூந்துடுச்சாடி? எத்தனை தடவதான் நெளிவ?" பின்வரிசையிலிருந்து நெஸ்தா என் தோளைத் தட்டினாள். எங்கள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"சேர் ஆடுது," என்றேன்.

பக்கத்தில் என் கணவன் எல்வெட் முழங்காலில் தாளம் தட்டிக்கொண்டிருந்தான். வேல்ஸில் கவிதைக்கும் பாட்டுக்கும் நடக்கும் ஐஸ்டெத்வொத் என்ற மாவட்டக் கலைவிழாவின் கடைசி நாள். கூடாரத்தில் ஈரக் கோட்டுகளும் குடைகளுமாகக் கூட்டம் பிதுங்கியது. மேடை நடுவே ஓக் மரத்தில் செதுக்கிய நாற்காலி காலியாக இருந்தது. யாப்புப் பிசகாமல் எழுதிய நெடுங்கவிதைக்கான பரிசு அது. எல்லாரும் புனைபெயரில்தான் அனுப்புவோம். ஜெயித்தவர் யார் என்பது, எக்காளம் ஊதி அவர் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து நிற்கும்வரை வெளியே தெரியக் கூடாது.

எனக்குத் தெரியும். ஜூன் மாதமே செயலாளர் அம்மா போன் செய்துவிட்டார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. வீட்டுக்காரர்கிட்ட மட்டும் வேணா சொல்லிக்குங்க, எல்லாரும் அதத்தான் பண்றாங்க," என்று சிரித்தார். அந்த வீட்டுக்காரனிடம்தான் என்னால் சொல்ல முடியவில்லை. அவனும் அதே போட்டிக்கு அனுப்பியிருந்தான். வருடா வருடம் அனுப்புகிறான். நானும் அனுப்பினேன் என்பது அவனுக்குத் தெரியாது.

இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் கெல்டிக் மொழிகள் துறையில் படித்தவர்கள். அவன் அங்கேயே தங்கி, இளவரசர்களைப் பாடிய பழைய கவிஞர்களைக் கரைத்துக் குடித்தான். அந்தப் பாட்டுகளில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், டப்ளினிலிருந்தும் பிரிட்டனியிலிருந்தும்கூட அவனுக்குத்தான் எழுதுவார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனேன். பஸ்ஸில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் வெல்ஷ் மொழி எனக்குச் செத்த கவிஞர்களைவிடப் பிடித்துப்போனது. இதற்காக நாங்கள் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆனாலும் அந்த நாற்காலி அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கூடத்தில் அதற்கென்று ஒரு மூலையை விட்டு வைத்திருக்கிறான். சோபாவைக்கூட அந்தப் பக்கம் தள்ளவிடமாட்டான்.

"போன் வரலன்னா தோத்துட்டேன்னு அர்த்தமில்ல," என்றான். "அந்தம்மா நம்பரத் தொலைச்சிருக்கும்."

"இருக்கும்," என்றேன். எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வரிசை முழுக்க முழங்கால்கள்.

நடுவர் ஒலிபெருக்கி முன்னால் வந்தார். எங்கள் நடுவர்களுக்கு இரக்கமே கிடையாது. தோற்ற கவிதைகளை எல்லார் முன்னாலும் தோலுரித்துவிட்டுத்தான் ஜெயித்ததற்கு வருவார்கள்.

"கடைசிக் காவலன்," என்று ஆரம்பித்தார். எல்வெட்டின் புனைபெயர். "யாப்புல ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா இது அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்க வேண்டிய கவிதை. மியூசியத்துல வெச்ச தட்டு மாதிரி. அழகா இருக்கு, அதுல யாரும் சாப்பிட முடியாது."

கூடாரம் சிரித்தது. பின்னால் நெஸ்தாவும் சிரித்தாள். எல்வெட்டின் விரல்கள் நின்றுவிட்டன. அந்த நடுவரை மேடையிலிருந்து பிடித்துத் தள்ள வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"சரி," என்றான் எல்வெட், மேடையைப் பார்த்தபடியே. "எவன் வாங்குறான்னு பாப்போம்."

"அடுத்து, தேக்கரண்டி," என்றார் நடுவர்.

"இதெல்லாம் ஒரு பேரா?" என்றான் எல்வெட்.

நான் கைக்குட்டையை எடுத்தேன். நடுவர் தொடர்ந்தார்.

"தலைப்பு 'சுவர்'னு கொடுத்தோம். எல்லாரும் கோட்டைச் சுவரப் பாடினாங்க. இந்தக் கவிஞர் அடுக்களைச் சுவரப் பாடியிருக்கார். அந்தப் பக்கம் ஒருத்தர் வராத வரியத் தேடி நடந்துகிட்டே இருக்கார். இந்தப் பக்கம் டீ ஆறிப்போக ஒரு பெண் அந்தக் காலடியக் கேட்டுக்கிட்டே நிக்கிறா. அந்த வரி அவருக்கு வரவே வராதுன்னு அவளுக்குத் தெரியும். கதவத் தட்டிச் சொல்ல மனசு வரல. நாற்காலி இந்தக் கவிதைக்குத்தான்."

எல்வெட் மெதுவாகத் திரும்பினான். அவன் பார்த்தது என் முகத்தை அல்ல, கைகளை. அவை மடியில் கைக்குட்டையைத் திரித்துக்கொண்டிருந்தன.

விளக்குகள் அணைந்தன. எக்காளம் முழங்கியது. "தேக்கரண்டி எழுந்து நிற்கட்டும். தேக்கரண்டி மட்டும்." யாரும் எழாவிட்டால் அந்த வருடம் நாற்காலி யாருக்கும் கிடையாது.

என் கோட்டு நுனியை அவன் பிடித்திருந்தான்.

"எழுந்திருக்காத, மெய்னிர்." கோபமே இல்லை, கெஞ்சினான். "அது நம்ம வீடு. நம்ம சுவர். இப்படியே உக்காந்துரு, யாருக்கும் தெரியப் போறதில்ல."

இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் அந்தக் குரலில் எதையும் கேட்டதில்லை. வேறெதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுந்தேன்.

என் பக்கம் திரும்பிய விளக்கின் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "அடிப்பாவி, நீயா?" என்றாள் நெஸ்தா. கைதட்டல் நிற்கவேயில்லை. அங்கி அணிந்த இருவர் வந்து என் தோளில் ஊதாப் போர்வையைப் போர்த்தி மேடைக்கு அழைத்துப் போனார்கள். நாற்காலிக்கு முன்னால் நிறுத்தி, தலைக்கு மேல் பெரிய வாளை உறையிலிருந்து பாதி உருவினார்கள்.

"சமாதானமா?" என்று தலைமைப் பாவலர் கூட்டத்தைக் கேட்டார்.

"சமாதானம்," என்று கூடாரமே அதிர்ந்தது. வாள் உறைக்குள் போனது. மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் இந்தப் பதில் வந்தால்தான் கவிஞர் உட்காரலாம்.

நான் எல்வெட்டைத் தேடினேன். கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியிருந்தது.

"சமாதானமா?"

சொல்லு எல்வெட், ஒரே ஒரு தடவை சொல்லு என்று உள்ளுக்குள் மன்றாடினேன். அவனைச் சுற்றிலும் எல்லா வாய்களும் திறந்து மூடின.

"சமாதானமா?"

நெஸ்தா தொண்டை கிழியக் கத்தினாள். நான் அவன் உதடுகளைப் பார்த்தபடியே நின்றேன். அவை அசையவில்லை. தலைமைப் பாவலர் என் முழங்கையைத் தொட்டு நாற்காலியைக் காட்டினார்.

நான் உட்கார்ந்தேன்.