உரம் விழுந்த வழக்கு

பெரம்பலூர் மருத்துவ உலகம் நெடுநாள் தவமிருந்து பெற்ற செய்தி ஒன்றைச் சகலருக்கும் அறிவிக்கிறோம்: டாக்டர் பிரசாத்துக்குக் கடைசியில் ஒரு மண்டைக்காயம் கிடைத்துவிட்டது.

மண்டை அவருடையதல்ல. குரும்பலூர் ஜோதியின் நான்கு மாதக் கைக்குழந்தையுடையது. இடது பக்கம் எலுமிச்சம்பழம் போல வீக்கம்.

பிரசாத் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுத் தலைவர். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் டாக்டர் வெற்றிச்செல்வி, கட்டிலிலிருந்து விழுந்ததாகக் கொண்டுவந்த திருமானூர்ப் பிள்ளை ஒன்று வீட்டில் அடித்து வதைக்கப்பட்ட பிள்ளை என்று போன மாதம் கண்டுபிடித்துக் காப்பாற்றினார். பேப்பரில் படம், பொன்னாடை. "பொண்ணு கெட்டிக்காரிங்க" என்று பிரசாத்தின் மனைவி சொன்ன அன்றிலிருந்து அவருக்கு இட்லி இறங்கவில்லை. வெற்றிச்செல்வி வணக்கம் வைத்தால்கூடப் பொன்னாடையோடு வைப்பதாகவே தெரிந்தது.

என்ன ஆச்சு என்று ஜோதியைக் கேட்டார்.

"உரம் விழுந்துடுச்சு சார். நேத்துலேர்ந்து ஒரே அழுகை."

சென்னை ஆங்கிலப் பள்ளியில் விளைந்த பிரசாத்துக்கு உரம் என்றால் யூரியா. எத்தனை கிலோ மூட்டை என்று விசாரித்தார். ஜோதி முழித்தாள். முழித்ததை மனதில் குறித்துக்கொண்டு, புருஷன் தங்கசாமியைத் தனியே அழைத்து, உர மூட்டை எங்கே என்றார். கொத்தனார் வேலைக்குப் போகிறவன் வூட்டில் உர மூட்டை ஏது என்றான் அவன். பிள்ளை சேலையிலிருந்து நழுவியதாம்.

பிரசாத்துக்கு வயிறு குளிர்ந்தது. தாய் ஒன்று சொல்கிறாள், தகப்பன் ஒன்று சொல்கிறான். பாடப்புத்தகத்துச் சந்தேகம் பஸ் ஏறி வந்திருக்கிறது. ஸ்கேனுக்கு முன்பே போலீசுக்குப் போன் போனது; அடுத்த போன் தெரிந்த நிருபருக்கு. பிள்ளையைக் குழந்தை நலக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்று அறிவித்து, நர்ஸை வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஜோதி கொடுக்கவில்லை.

"பால் குடிக்கிற புள்ளைங்க. என்னைய வேணா ஜெயில்ல போடுங்க. அதுக்குப் பசிக்கும்ல?"

பக்கத்து அறையிலிருந்த வெற்றிச்செல்வியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பேப்பர் படத்தில் பாதி அவருக்குப் போய்விடுமே.

சத்தம் கேட்டு அவரே வந்தார். ஜோதியோடு சேர்த்தே பிள்ளையை ஸ்கேனுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் துணியை விலக்கித் தலை முதல் கால் வரை பார்த்தார். வேறு காயமோ தழும்போ இல்லை. பிறகு தாயிடமும் தகப்பனிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

"சார், உரம்னா கழுத்துச் சுளுக்கு. பச்சப்புள்ளைய சேலையில போட்டு, ரெண்டு பேர் ஆளுக்கொரு முனையப் புடிச்சு உருட்டுவாங்க. ஒரு முனை நழுவிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே கதையத்தான் சொல்றாங்க."

"தெரியும்மா," என்றார் பிரசாத். "நீ கண்டுபிடிக்கிறியான்னு பார்த்தேன்."

இனி உருட்டினால் நானே போலீசைக் கூப்பிடுவேன் என்று வெற்றிச்செல்வி தங்கசாமியைத் திட்டினார். வந்த போலீஸ்காரர் எல்லோரையும் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது.