பின்னால் பொரிந்த கடுகு

டி.வி.க்குக் கீழே இரண்டே ஸ்பீக்கர்கள். ஆனால் கடுகு பொரியும் சத்தம் சோபாவுக்குப் பின்னாலிருந்து கேட்க வேண்டும். மோகனப்ரியாவின் ஆராய்ச்சி இதுதான்.

வலப்பக்கம் எழும் சத்தம் வலது காதை முதலில் தொடும். இடது காதுக்குப் போய்ச் சேரத் துளி நேரம் தாமதமாகும்; நடுவில் தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் போகும். பின்னாலிருந்து வந்தால் காதுமடலின் வளைவுகள் அதை வேறு மாதிரி மாற்றும். இவற்றை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. இதே மாற்றங்களை ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியிலேயே கலந்துவிட்டால் மூளை ஏமாந்துபோகும். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில், லாரி ஹாரன் புகுந்து வரும் இந்தச் சின்ன ஹாலில்கூட.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இந்தத் துறையில் பிஎச்.டி.க்கு ஆள் எடுத்தது. ஓசூரில் கல்லூரி ஆசிரியையாக இருந்த அவள், ஐந்து பேரிடம் செய்த சோதனையின் முடிவை விண்ணப்பத்தோடு அனுப்பினாள். பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். நான்கு பேர் தடுமாறியிருந்தார்கள். மூன்றாம் ஆள் மட்டும் ஏறக்குறைய எல்லாத் திசையையும் சரியாகக் காட்டியிருந்தார். அவரால் சராசரி உயர்ந்தது, நேர்காணலுக்கு அழைப்பும் வந்தது.

மூன்றாம் ஆள் அவள் கணவன் பூபதி. தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை.

மற்ற நால்வருக்கும் துப்பட்டாவால் கண்ணைக் கட்டித்தான் சோதித்தாள். பூபதி மட்டும், "கண்ணக் கட்டுனா தல சுத்துது பிரியா" என்றான். சரி என்று விட்டுவிட்டாள். ஒருவருக்காகத் தனியாக ஒரு வரி எதற்கு என்று, எல்லோருக்கும் கண் கட்டியதாகவே எழுதினாள்.

நேர்காணல் அன்று காலை, கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க அவனை உட்கார வைத்தாள். பால் பொங்கும் வாசனை வந்தது. கம்ப்யூட்டரைத் தானாக ஓடவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்து, அவனுக்குப் பின்னால் கதவோரம் நின்றாள்.

இடப்பக்கம் கடுகு பொரிந்தது. பூபதி வலப்பக்கம் கை காட்டினான். பின்னால் பொரிந்தது. வலப்பக்கம் காட்டினான். அப்புறம் கையை இறக்கிவிட்டு அவளைத் தேடித் திரும்பினான்.

"எங்க போய்ட்ட? எதிர்ல வந்து உக்காரு."

"எதுக்குங்க?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "நீ ஒவ்வொரு வாட்டியும் சத்தம் வர்ற பக்கமே பாப்ப. உன் கண்ணு போற எடத்தக் காட்டுவேன்."

"காது?"

"பிரஸ் சத்தத்துல இடது காது போயி ரெண்டு வருசமாச்சு. கம்பெனி காது டெஸ்ட்லயும் இதான். நர்ஸு பட்டன அமுக்குற வெரலப் பாத்துக் கையத் தூக்கிடுவேன்."

"எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"நீதான் டிக்குப் போட்டுட்டுத் துள்ளுனியே. எப்பிடிச் சொல்றது? யாருகிட்டயும் சொல்லிடாத தாயி. லைன்ல இருந்து தூக்கிடுவாங்க."

இரண்டு வருடம். மோட்டார் சைக்கிளில் போகும்போது இடது தோளோரம் அவள் பேசியதற்கெல்லாம் அவன் "உம்" மட்டும் கொட்டியது நினைவுக்கு வந்தது. காது எப்படிக் கேட்கிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கியவள் அவள்.

வீடியோ நேர்காணலில் பேராசிரியர் ஆங்கிலத்தில் கேட்டார்: "மூன்றாம் ஆள் வியப்பாக இருக்கிறார். எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னார்?"

"கவனமாகக் கேட்பவர், சார்."

அவர் தலையசைத்தார். ஜூலையில் வந்து சேரலாம் என்றார்.

அவனுக்காகத்தான் மறைத்தேன் என்று லேப்டாப்பை மூடும்போது சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. விண்ணப்பத்தில் பூபதி என்ற பெயரே இல்லையே. கண் கட்டாமல் சோதித்தேன் என்று சொல்லி அந்த எண்ணை நீக்கியிருந்தால், அது யார் என்று எவருக்கும் தெரிந்திருக்காது. அவள் காப்பாற்றியது அவன் வேலையை அல்ல, தன் இடத்தை.

வாசற்படியில் பூபதி ஷிஃப்டுக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

"சீட்டு கெடச்சிருச்சில்ல? செவுட்டுக் காதுக்கு ஒரு பிரியாணியாவது போடு."

அவன் இடப்பக்கம் குனிந்து சொன்னாள்: "நான் பொய் சொல்லிட்டு வந்துருக்கேங்க."

அவன் லேஸை இழுத்து முடிந்தான். திரும்பவில்லை.

சொல்லியாகிவிட்டது என்று உள்ளே போய்விடலாம்போல ஒரு கணம் இருந்தது. கேட்காத காது என்று தெரிந்தேதான் அந்தப் பக்கம் குனிந்திருக்கிறோம் என்பது உறைத்ததும் முகம் சுட்டது. சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய், கையிலிருந்த லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"அந்தச் சார்கிட்டப் பொய் சொன்னேன். மூணாவது ஆளக் கண்ணக் கட்டாம டெஸ்ட் பண்ணேன்னு இப்பவே மெயில் போடப் போறேன். உங்க பேரு வராது."

"அப்ப சீட்டு?"

"போனாலும் போகும்."

அவள் மடியிலிருந்த லேப்டாப்பை அவனே மெல்லத் திறந்துவிட்டான்.