சேருக்கு அடுத்த சொல்

அப்பா இறந்து நான்கு நாளும் ஆறு மணித்தியாலமும் ஆகியிருந்தன. பேர்ண் தகனசாலையின் சிறிய அறையில், திறந்த பெட்டிக்கு மேலே குனிந்து, அம்மா அவருடைய சால்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சேருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது," என்றாள், யாரையும் பாராமல்.

பரமேஸ்வரி அன்ரி யாதவியின் காதருகே வந்தாள். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. "கொம்மா இன்னும் ரியூசன் கொட்டிலிலதான் இருக்கிறா, பிள்ளை. முப்பது வருசமா சேர், சேர். அண்ணையைக் கட்டினவவோ, வகுப்புக்கு வந்தவவோ?"

யாதவி பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

வகுப்புக்குத்தான் வந்தவள். ஊரில் அப்பா ஒரு ரியூசன் கொட்டிலில் ஆங்கிலம் கற்பித்தார்; படிக்க வந்தவர்களுக்கு அவர் 'சேர்', ஆங்கிலத்து 'sir'. இருபத்துமூன்று வயதில், ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க ஆங்கிலம் வேண்டுமென்று வந்தாள் அம்மா. பிறகு கல்யாணம், பிறகு சுவிஸ். இங்கே அப்பா ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி கழுவினார். அம்மா அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தாள். சேர் மட்டும் சேராகவே இருந்தார். அவள் கூப்பிடுவதைக் கேட்டுப் நாங்கள் இருந்த பூம்ப்ளிஸ் பகுதித் தமிழ்ச்சனமும் அப்படியே கூப்பிட்டது. வெள்ளைக்காரருக்கோ அவர் ஹெர் கந்தையா, திரு கந்தையா. கந்தையா என்பது அப்பாவின் அப்பாவுடைய பெயர். பதிவில் குடும்பப் பெயராக விழுந்தது கடைசிவரை எழும்பவில்லை.

போன கிழமை, அம்மா கோப்பி எடுக்கக் கீழே போயிருந்த நேரம், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அப்பா கேட்டார்.

"பிள்ளை, சேர் எண்டா என்னெண்டு தெரியுமோ?"

"மரியாதை, அப்பா. வேறென்ன?"

"லத்தீனில மூத்தவர் எண்ட சொல்லு. பிரெஞ்சுக்குள்ள புகுந்து, இங்கிலீசுக்கு வந்து பட்டமாப் போச்சு. அரசன் வாளால தோளைத் தொட்டுக் குடுக்கிற பட்டம். அதுக்கொரு வழக்கம் இருக்கு. பட்டத்துக்குப் பின்னால அந்தாளின்ர சொந்தப் பேர் வரவேணும். தேப்பன்ர பேர் இல்லை." மூச்சு வாங்கினார். "கொம்மா இவ்வளவு காலமும் அரைவாசிதான் சொல்லுறா."

சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

"இவங்களுக்குக் கந்தையா. சனத்துக்குச் சேர். உனக்கு அப்பா. என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்ட ஆக்கள் எல்லாம் போயிட்டினம், பிள்ளை. ஒருக்கா அவவைச் சொல்லச் சொல்லு."

அன்றே, லிப்டுக்குள் வைத்து, யாதவி சொன்னாள். அம்மா மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புருசன்ர பேரைச் சொல்லக்கூடாது. ஆயுசு குறையும்."

அப்பாவுக்கு இனிக் கிழமைக் கணக்குத்தான் என்று டொக்டர் முதல்நாளே சொல்லியிருந்தார். யாதவி அதை ஞாபகப்படுத்தவில்லை. அம்மாவும் கேட்டவள்தான்.

அவர் போன காலையில், அம்மா அவருடைய பாதங்களைப் பிடித்துக்கொண்டு "சேர், சேர்" என்றாள். அதுதான் அவர் கேட்ட கடைசிச் சொல்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார், தகனசாலையில் பெட்டியின் தலைமாட்டில் கிரியை செய்துகொண்டிருந்த ஐயர்.

எல்லோரும் யாதவியைப் பார்த்தார்கள். மகன் இல்லாத வீடு. தர்ப்பை அவள் விரலில்தான் இருந்தது.

"உத்தரம்," என்றாள் யாதவி.

"பேர்?"

கதவருகே நின்ற தகனசாலை ஊழியர் மெல்லக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த குடும்பம் வெளியே பூக்களோடு காத்திருந்தது.

"சொல்லன், பிள்ளை," பரமேஸ்வரி அன்ரி அவள் முழங்கையை இடித்தாள். "என்ன மரம் மாதிரி நிக்கிறாய்? கொப்பாவின்ர பேர் மறந்துபோச்சோ?"

யாதவி அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவின் கை சால்வையில் நின்றுவிட்டது. ஒரு மடிப்பைப் பிடித்திருந்த விரல்கள் அதை மெதுவாக விட்டன. அவள் நிமிர்ந்தாள். ஐயரைப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் பார்த்தாள்.

"சேர்," என்றாள்.

வழக்கம்போல அந்தச் சொல்லோடு நிறுத்தினாள். உதட்டை ஈரமாக்கினாள்.

"சேர் சற்குணம்."